நெல்வாவின் முதல் முடி

இருபத்திரண்டு வருஷமாக நான் ஓட்டுகிற வண்டிக்கு எஞ்சின் கிடையாது, ஹாரன் கிடையாது. நாலு சக்கரத்தில் மூன்று சொன்ன பேச்சைக் கேட்கும். நாலாவது என் மச்சான் மாதிரி. மலைமேட்டில் இருக்கிற ஓரூரோ நகரத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் நான். பெயர் எவரிஸ்தோ. என் வண்டியில் படுத்து வந்தவர்களில் பாதிப் பேர் என் மேல் வாந்தி எடுத்திருக்கிறார்கள். மீதிப் பேர் கடித்திருக்கிறார்கள்.

வார்டிலிருந்து ஆபரேஷன் அறைக்கு எழுபது தப்படி. டாக்டர்கள் ஏழு வருஷம் காலேஜில் படிக்கிறார்கள். நான் படித்ததெல்லாம் இந்த எழுபது தப்படிக்குள்தான். கைக்குழந்தைக்குப் பேச்சு வேண்டாம். தாயின் சால்வையைச் சுருட்டி முகத்தருகே வைத்தால் போதும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். ஏழெட்டு வயசுக்கு வேலை கொடுக்க வேண்டும். "லிப்ட் பட்டனை நீதான் அமுக்கணும், எனக்கு விரல் சுளுக்கு" என்றால் வலியை மறந்து பொறுப்பாகிவிடும். இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் இருப்பவைதான் கஷ்டம். நேற்று சூப்பைக் கொட்டியதற்குத்தான் இன்று ஊசி போடுகிறார்கள் என்று நினைக்கும் வயசு அது. என்ன சொன்னாலும் அப்படியே நம்பிவிடும். பதிமூன்று தாண்டியவர்களிடம் வாயை மூடிக்கொண்டு, போர்வையை மட்டும் ஒழுங்காகப் போர்த்த வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை நான் படித்திருக்கிறேனே தவிர, பாஸானதில்லை.

பாஸாகாததற்குச் சாட்சி, தாழ்வாரக் கடைசியில் தனி அறையில் இருந்த யோசெலின். பதினாலு வயசு. ரத்தத்தில் வந்த நோய். மருந்து ஏற்ற ஏற்ற முடி முழுக்கக் கொட்டிவிட்டது. காதுவரை இழுத்துவிட்ட பச்சைக் கம்பளித் தொப்பியைத் தூக்கத்தில்கூடக் கழற்ற மாட்டாள். டாக்டர் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் நான் கதவருகே நின்று, "தொப்பிக்குள்ள என்னம்மா வளக்குறே, பூனைக்குட்டியா?" என்று கேட்டேன். செருப்பு வந்தது. குறி தப்பவில்லை.

ஆகஸ்ட் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் தோன்யா தாமியானா வந்தாள்; மரியாதைக்குப் பெண்ணைத் தோன்யா என்பதும் ஆணைத் தோன் என்பதும் எங்கள் வழக்கம். ஆகஸ்டில் எங்கள் ஊரில் காற்றுக்குத்தான் ஆட்சி. தகரக் கூரைகள் எல்லாம் படபடக்கும்; புழுதி ஜன்னல் இடுக்கு வழியே வந்து சூப்பில் மிளகுத்தூள் மாதிரி மிதக்கும். அவள் ஆறு மணி நேரம் லாரியில் வந்திருந்தாள். வரிவரியான சால்வையில் முதுகில் கட்டியிருந்த குழந்தைதான் நெல்வா. மூன்றரை வயசு. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். காலையில் எழுந்ததும் வாந்தி. இடது கண்ணில் பார்வை மங்க ஆரம்பித்திருந்தது. இடுப்புவரை தொங்கிய முடி, சீப்பே படாமல் சடைசடையாகத் திரிந்து, ஒவ்வொரு சடையிலும் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது.

படம் எடுத்துப் பார்த்ததில் மூளையில் ஒரு நீர்க்கட்டி. டாக்டர் லூனா விளக்க ஆரம்பித்தார்.

"ஆடு அறுக்கும்போது ஈரல்ல தண்ணிப் பை மாதிரி ஒண்ணு இருக்குமில்லையா, தோன்யா..."

"தெரியும் டாக்டர். அதை நாய்க்குப் போடுவோம்."

"அதைத்தான் போடக் கூடாது. அந்த நாய் கிட்டேர்ந்துதான் குழந்தைக்கு வருது."

அவள் சால்வை முடிச்சை இறுக்கினாள். பிறகு, "உடைஞ்சா கெட்டுப்போயிடும். முழுசா எடுக்கணும்," என்றாள். ஆட்டு ஈரலில் அவளுக்கு இருந்த அனுபவம் எங்கள் பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தாலும் இல்லை. வியாழன் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவாயிற்று. தள்ளிப்போட்டால் கண் போய்விடும், பிறகு கண்ணோடு நிற்காது என்றார் லூனா. அவள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் விதை நடுகிற மாதிரி தனித்தனியாக ஊன்றிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை சிஸ்டர் பாசிலியா போய், "நாளைக்குச் சாயங்காலம் தலையை மழிச்சிடுவோம்மா," என்று சொன்னபோதுதான் வண்டி கவிழ்ந்தது.

"முடியைத் தொட முடியாது சிஸ்டர்."

"தொடாம மண்டையை எப்படித் திறக்கிறது?"

"முதல் முடி இது. ஞானத்தகப்பன் வெட்டணும். தட்டு வச்சு, சொந்தக்காரங்க கூடி, ஒவ்வொருத்தரும் ஒரு சடை. அப்புறம்தான் வேற கை படலாம்."

சிஸ்டர் பாசிலியாவும் எங்கள் பக்கத்துக்காரிதான். அவள் முதல் முடியையும் யாரோ ஒரு சித்தப்பா வெட்டி, அதற்கு ஒரு செம்மறிக் குட்டி கொடுத்திருக்கிறார். ஆகவே அவள் சிரிக்கவில்லை. "ஞானத்தகப்பனை வரச் சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு," என்றாள்.

"மூத்தவன் ஒருத்தன் இருந்தான் எனக்கு," என்றாள் தாமியானா, குழந்தையின் சடை ஒன்றை விரலில் சுற்றியபடி. "பேன்னு சொல்லி சுகாதார நிலையத்துல வெட்டிட்டாங்க. யாரையும் கேக்கல. இருமல் வந்து, அந்தக் குளிர்காலம் தாண்டல அவன்."

அதற்குமேல் சிஸ்டர் எதுவும் கேட்கவில்லை. முடிக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம்தான். கேட்கிற முகமாக அது இல்லை.

ஞானத்தகப்பன் தோன் ஹசிந்தோ செவ்வாய் மதியமே கிளம்பிவிட்டார். ஆனால் வந்துசேரவில்லை. சாலை மறியல். நெடுஞ்சாலையில் கல்லைக் குவித்து, டயரைக் கொளுத்திப் போட்டிருந்தார்கள். எங்கள் நாட்டில் மறியல் இல்லாத வாரத்தை நாங்கள் சந்தேகத்தோடு பார்ப்போம். ஆகவே அதில் அதிசயமில்லை. அதிசயம் என்னவென்றால், அந்தக் கல்லை அடுக்கியவர்களில் ஒருவன் நெல்வாவின் அப்பா பெர்மின்.

புதன் காலை தாமியானா போனை என்னிடம் நீட்டினாள். "நீங்க பேசுங்க தோன் எவரிஸ்தோ. நான் பேசினா சண்டையாயிடும்."

"தம்பி, உன் கம்பாத்ரேயை, அதான் பாப்பாவோட ஞானத்தகப்பனை, விடேன்யா. உன் பிள்ளைக்காகத்தானே வர்றார்."

"எப்படி விடுறது அண்ணே? வீட்டுக்கு ஒரு ஆள் மறியல்ல நிக்கணும். எங்க வீட்டுக்கு நான் நிக்கிறேன். என் ஆளை நானே விட்டா நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க ஆளை விடுவாங்க. அப்புறம் இது மறியலா, சந்தையா?"

"எதுக்கு மறியல்?"

"ஊருக்கு ஒரு டாக்டர் வேணும்னு."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன்.

"சரி, ஆம்புலன்ஸை விடுவீங்கல்ல? உன் கம்பாத்ரே தலையில ஒரு கட்டுப் போட்டு, ஆம்புலன்ஸ்ல படுக்க வச்சு..."

"போன வாரம் ரெண்டு பேர் அப்படித்தான் வந்தாங்க. கட்டுக்குக் கீழ காயம் இல்ல, ஸ்ட்ரெச்சருக்குக் கீழ பீர் பெட்டி. இப்போ எல்லாக் கட்டையும் அவுத்துப் பாக்குறாங்க." காற்றின் இரைச்சலுக்கு நடுவே குரலைத் தாழ்த்தினான். "பாப்பா சாப்பிட்டாளா அண்ணே?"

"பாதி உருளைக்கிழங்கு சாப்பிட்டா."

"பாதியா?" என்றான்.

இதுவரை என் தப்பு எதுவும் இல்லை. இனிமேல்தான்.

புதன் மதியம் சிஸ்டர் என்னிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து, "ட்ரேயில வச்சு மூடி வை. குழந்தை கண்ணுல படாம," என்றாள். நான் ட்ரேயை எடுத்துக்கொண்டு போகிற வழியில் நெல்வா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தாமியானா பக்கத்தில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கதிர் சுழன்றுகொண்டே இருந்தது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் என் புத்தி அவ்வளவுதான். கத்தரிக்கோலை எடுத்து அவள் காதோரம், காற்றில்தான், இரண்டு தடவை, "டிக், டிக்! முடியை வெட்டினா முயல்குட்டி மாதிரி காது தெரியும்!" என்றேன்.

அந்த அலறலை நான் எழுத மாட்டேன். தெருமுனையில் ரொட்டி விற்கிறவள் உள்ளே ஓடிவந்து என்ன என்று கேட்டாள்.

பிறகு தாமியானா எழுந்தாள். நூலைச் சுற்றினாள், கதிரை மடியில் செருகினாள். சால்வையை விரித்து, குழந்தையை முதுகில் தூக்கிப் போட்டு முடிச்சுப் போட்டாள். கிண்ணம், போர்வை, ஒரு பொட்டலம் காய்ந்த உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டு நிமிஷத்தில் மூட்டையாகிவிட்டன.

"எங்கம்மா?" என்றாள் ஓடிவந்த சிஸ்டர்.

"ஊருக்கு. பேப்பர் எதுல கையெழுத்துப் போடணுமோ கொடுங்க."

"கண்ணு போயிடும் தாமியானா."

"ஒத்தக் கண்ணோட என்கிட்ட இருக்கட்டும்."

சிஸ்டர் என்னைத் தாழ்வாரத்தில் இழுத்து நிறுத்தினாள். "மூணரை வயசு! அதுகிட்டப் போய் விளையாட்டா? இருபத்திரெண்டு வருஷமா என்னத்தத் தள்ளினே, தோன் எவரிஸ்தோ? கட்டிலையா, காத்தையா?"

எனக்குப் பதில் வரவில்லை. என் வாழ்க்கையில் அது வராத இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்தன்று.

டிஸ்சார்ஜ் காகிதம் வருவதற்காகத் தாமியானா தாழ்வாரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நேர் எதிரே யோசெலினின் அறை. நெல்வா அம்மாவின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி, என் வண்டியின் நாலாவது சக்கரத்தை ஆராய்கிற பாவனையில் குனிந்திருந்தேன்.

கதவு திறந்தது. பச்சைத் தொப்பி, முகமூடி, கையில் மருந்து பாட்டில் தொங்குகிற கம்பி.

"யாரு அப்படிக் கத்தினது?"

அவள் நெல்வாவைப் பார்த்தாள்.

"நீயா? ஏன்?"

"காத்து என்னைத் தூக்கிட்டுப் போயிடும்," என்றது குழந்தை.

தாமியானா திரும்பினாள். "என்னடி சொல்றே?"

"நீதான் சொன்னே. ஞானத்தகப்பன் தவிர வேற யாராவது முடியைத் தொட்டா, காத்துல போயிடுவேன்னு."

அவள் அதைச் சொல்லியிருந்தாள்தான். யாரும் குழந்தையின் முடியில் கை வைக்காமல் இருக்க எங்கள் ஊர்த் தாய்மார்கள் எல்லோரும் சொல்வது. பெரியவர்கள் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மூன்றரை வயசு அதை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; வெளியே ஆகஸ்ட் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அந்தக் குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டபடி எப்படித் தூங்கியது என்று எனக்குத் தெரியாது.

யோசெலின் கம்பியை நகர்த்திக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தாள். "எந்தக் காத்து? இதுவா?" ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினாள்.

"ம்."

அவள் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் அவசரமாக சக்கரத்தைப் பார்த்தேன். ஆனால் பளபளத்த தரையில் எல்லாம் தெரிந்தது. அவள் தொப்பியைக் கழற்றினாள்.

"எனக்கும் முடி இல்ல. பாரு, ஒண்ணுகூட இல்ல."

நெல்வா விக்கலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "உன் ஞானத்தகப்பன் வெட்டினாரா?"

"இல்ல. மருந்து கொட்ட வச்சிடுச்சு. யாரையும் கேக்கல."

"காத்து வரலியா?"

"தினமும் வருது. நான் போகல."

குழந்தைக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவின் தோளில் எக்கி, கன்னத்தை உப்பவைத்து, யோசெலினின் தலை மேல் "பூ" என்று ஊதினாள். யோசெலின் பறக்கவில்லை. மறுபடி ஊதினாள். யோசெலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் தூக்கி, "ஐயையோ... போறேனே..." என்று ஆடி, பிறகு கீழே காலை ஊன்றி, "போகல," என்றாள்.

நெல்வா சிரித்தாள். யோசெலினும். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் சுருங்கியதைப் பார்த்துத்தான் சிரிப்பு என்று தெரிந்துகொண்டேன். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"இந்த அக்கா வெட்டலாம்," என்று நெல்வா அறிவித்தாள்.

தாமியானா முடிச்சை அவிழ்த்து, குழந்தையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூட்டையை அவிழ்க்கவில்லை. "பெர்மினைக் கூப்பிடுங்க தோன் எவரிஸ்தோ," என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் பெர்மின் போனோடு கற்குவியலைத் தாண்டி நடந்தான். அந்தப் பக்கம் வேனுக்குள் முழங்காலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த தோன் ஹசிந்தோவின் கையில் போனைக் கொடுத்தான். மகளுக்காகக் கல்லை நகர்த்த முடியாதவன், தானே கல்லைத் தாண்டிப் போனான். அதற்கு விதி தடை சொல்லவில்லை போலிருக்கிறது.

கிழவரின் குரல் இரைச்சலுக்கு நடுவே உடைந்து உடைந்து வந்தது. "கம்மாத்ரே, கல்லைத் தாண்டி நடக்க முழங்கால் விடல, நான் வர முடியல. என் பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறேன். அங்க இருக்கிறவங்கள்ல நீயே ஒருத்தரைப் பாரு. ஆனா முதல் சடையை வெட்டுறவங்க ஒரு நாளைக்கு மட்டும் ஞானப்பெற்றோர் இல்ல. அதைச் சொல்லிட்டு வெட்டச் சொல்லு."

ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். கேட்டதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வார்டில் இருக்கிற பெரிய மனுஷன் யார்? நான். குழந்தையை அலறவைத்த பாவத்தைக் கழுவ வேண்டியவன் யார்? நான்தான். இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் ஞானத்தகப்பனாகக் கேட்டதில்லை. கேட்டால் ஓடிவிடுவேன் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கேட்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு குறை. போய் முகம் கழுவினேன். தண்ணீர் தொட்டு முடியைச் சீவினேன். வாசல் காவலாளியிடம் டை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி, முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

தாமியானா என்னைத் தாண்டிப் போனாள். டையை ஒருமுறை பார்த்தாள் என்று நினைக்கிறேன். நேரே போய் யோசெலின் கதவருகே நின்றாள்.

"நீதான் வெட்டணும் தாயீ. என் மகளுக்கு ஞானத்தாயா இருப்பியா?"

யோசெலின் கையில் இருந்த தொப்பியை முறுக்கினாள்.

சிஸ்டர் பாசிலியா தாமியானாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தின குரல் எங்கள் தாழ்வாரத்தில் இன்னும் நன்றாகக் கேட்கும்.

"தாமியானா, அவசரப்படாதே. அந்தப் பொண்ணுக்கு ரத்தம் சரியில்ல. மருந்து கேக்குதா இல்லையான்னு டாக்டருக்கே தெரியல. ஞானத்தாய்ன்னா நாளைக்குப் பின்னால... புரியுதா? வேற யாரையாவது பாரு. தோன் எவரிஸ்தோகூட இருக்கார்."

அந்தக் "கூட" எனக்குப் பிடிக்கவில்லை.

"புரியுது சிஸ்டர்," என்றாள் தாமியானா. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ஞானத்தாய்க்கு எத்தனை வேலை இருக்கு தெரியுமா? நாலு வயசுல பள்ளிக்கூடம் போறப்போ, பிள்ளைங்க போடுற வெள்ளை மேலங்கியை முதல் நாள் அவதான் போட்டு விடணும். நற்கருணைக்கு அவதான் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போகணும். கல்யாணத்துல பக்கத்துல நிக்கணும். புருஷன்கிட்ட சண்டை வந்தா இவ அங்கதான் போவா. இருபது இருபத்தஞ்சு வருஷத்து வேலை. அதை முடிக்காம எங்க போயிடுவா அவ? நான் விட மாட்டேன்."

கதவருகே யோசெலின் தலை குனிந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. கடந்த நாலு மாசமாக அவளிடம் எல்லோரும் நாளையைப் பற்றித்தான் பேசினோம்: நாளைக்கு ரத்தம் எடுக்கணும், நாளைக்கு மருந்து, நாளைக்கு ரிசல்ட். அதற்கப்பால் யாரும் போகவில்லை. இவள் வந்து இருபத்தைந்து வருஷத்தை மூட்டை மாதிரி எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டாள்.

"எனக்கு வெட்டத் தெரியாது," என்றாள் யோசெலின்.

"ஆட்டு ரோமம் வெட்டியிருக்கியா?"

"இல்ல."

"பரவாயில்ல. ஆடு மாதிரி உதைக்க மாட்டா."

ஐந்து மணிக்கு யோசெலினின் அம்மா சந்தையிலிருந்து வந்தாள். அங்கே அவள் ஊதாச் சோளக் கஞ்சி விற்கிறவள். மகளுக்கென்று தினமும் ஒரு பெரிய பிளாஸ்க் நிறையக் கொண்டுவருவாள், மகள் இரண்டு வாய் குடிப்பாள். தொப்பி இல்லாமல் தாழ்வாரத்தில் நின்ற மகளைப் பார்த்து முதலில் பயந்துபோனாள். விஷயத்தைச் சொன்னோம். "என் மகளையா?" என்று கேட்டாள். "இவளையா ஞானத்தாயா?" பிறகு பிளாஸ்க்கைத் தரையில் வைத்து, தாமியானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்போ நாம கம்மாத்ரே, சம்பந்தி மாதிரி," என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கிண்ணங்களைத் தேடப் போனாள்.

மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் கட்டில்கள் மேல் விழுந்திருந்தது. நடுவில் ஒரு நாற்காலி. அதில் தாமியானா, மடியில் நெல்வா. தட்டு கிடைக்காததால் மருந்து வைக்கிற எவர்சில்வர் ட்ரேயைத் துடைத்து, அதில் தாமியானாவின் சால்வை மடிப்பு. சிறுநீரகம் வீங்கி மூன்று வாரமாகப் படுத்திருந்த எட்டு வயசு மிலென்காவுக்கு ட்ரே பிடிக்கிற வேலை. அவள் உடனே வரிசையையும் கையில் எடுத்துக்கொண்டாள். "முதல்ல யோசெலின். அப்புறம் பெரியவங்க. ரொனால்து, நீ கடைசி, உன் கட்டு அழுக்கா இருக்கு."

கையில் மாவுக்கட்டு போட்டிருந்த ரொனால்துக்கு ஐந்து வயசு. அவனுக்கு ஒரே சந்தேகம். "முடியில ரத்தம் வருமா?"

"வராது."

"நகத்துல?"

"நகத்துலயும் வராது."

"அப்போ வலிக்காது," என்று அவன் சபைக்கு அறிவித்தான்.

யோசெலின் கையைக் கழுவி, முகமூடியைச் சரிசெய்துகொண்டு வந்தாள். கத்தரிக்கோலைக் குழந்தையின் கண்ணெதிரே நீட்டிக் காட்டினாள். மறைக்கவில்லை. நான் இருபத்திரண்டு வருஷத்தில் பாதிதான் கற்றுக்கொண்டதை அவள் யாரும் சொல்லாமலே செய்தாள்.

"வெட்டட்டுமா?"

"ஒண்ணு மட்டும்."

"ஒண்ணு மட்டும். அம்மாவை இறுக்கிப் பிடிச்சுக்க."

சடை கெட்டியாக இருந்தது. இரண்டு மூன்று தடவை நறுக்க வேண்டியிருந்தது. சிவப்பு நூலோடு சடை ட்ரேயில் விழுந்தபோது கூரைத் தகரம் பெரிதாக ஒருமுறை சத்தம் போட்டது. வார்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நெல்வா கண்ணை இறுக மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, கீழே தன் காலைப் பார்த்தாள். அம்மாவின் பாவாடை மேல் அப்படியே இருந்தது.

"போகலியே," என்றாள். "இன்னொண்ணு."

பிறகு தாமியானா வெட்டினாள், யோசெலினின் அம்மா வெட்டினாள், சிஸ்டர் பாசிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டே வெட்டி நிறையத் தோல் தெரிய வைத்தாள். ஏழு மாதக் குழந்தை ஒன்றை அதன் தாய் தூக்கி வந்தாள். அது ஒரு சடையைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. அதையும் ஒரு வெட்டாக எடுத்துக்கொண்டோம். ட்ரேயில் பரிசுகள் சேர்ந்தன: ஒரு பம்பரம், இரண்டு ஸ்டிக்கர், பாதி பிஸ்கட், மிலென்காவின் தலை ரிப்பன். நான் என் கம்பளிக் கையுறைகளை வைத்தேன். நெல்வா அவற்றை எடுத்துப் பார்த்து, "ஓட்டை," என்றாள். எனக்கும் ஒரு சடை கொடுத்தார்கள்; பின்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில். ஊதாக் கஞ்சி எல்லோருக்கும் சுற்றி வந்தது. யோசெலின் முழுக் கிண்ணம் குடித்தாள். அவள் அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தை சிஸ்டர் மெஷினால் மழித்தாள். நெல்வா யோசெலினின் தலையில் ஒரு கையும் தன் தலையில் ஒரு கையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் காலை நான் டை கட்டவில்லை. வண்டியை நிறுத்தி, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். "அம்மா அந்தக் கதவு வரைக்கும் வருவாங்க. உள்ள வர மாட்டாங்க. மூக்குல ஒரு மூடி வைப்பாங்க, நாத்தமடிக்கும். நீ தூங்குவே. முழிக்கிறப்போ அம்மா இருப்பாங்க, தலையில பெரிய கட்டு இருக்கும், வலிக்கும். சொன்னா மருந்து கொடுப்பாங்க."

"காத்து?"

"உள்ள ஜன்னலே கிடையாது."

அவள் யோசித்துவிட்டு, "சரி," என்றாள். எழுபது தப்படியையும் நான் எந்தத் தமாஷும் செய்யாமல் தள்ளினேன். மற்றவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று தெரியாது.

நாலு மணி நேரம். தாமியானா பெஞ்சில் நூற்றாள். யோசெலின் கம்பியோடு பக்கத்தில் உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்றினாள். இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்டவரை, நெல்வாவுக்குப் பூசணி பிடிக்காது என்பதும், அவளுக்குக் கோபம் வந்தால் கொஞ்ச நேரம் தனியே விட்டுவிட வேண்டும் என்பதும்தான். பெர்மின் மூன்று தடவை போன் செய்தான். மூன்றாவது தடவை பக்கத்தில் இன்னும் பத்துப் பதினைந்து குரல்கள் கேட்டன. மறியலே போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு டாக்டர் லூனா கையில் ஒரு கிண்ணத்தோடு வெளியே வந்தார். உப்புத் தண்ணீரில் வெள்ளையாக, முழுசாக, உடையாமல் ஒரு பை மிதந்தது. தாமியானா எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"உடையல," என்றாள்.

"உடையல. நல்லாயிருக்கா. கண்ணும் வரும், கொஞ்சம் நாளாகும்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, சால்வை நுனியால் முகத்தை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். யோசெலின் அவள் முதுகில் கை வைத்திருந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல், ஆனால் எடுக்காமல்.

திங்கட்கிழமை ரத்த டாக்டரின் ரவுண்ட்ஸ். நான் ஒரு பையனை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக யோசெலினின் கதவருகே காத்திருந்தேன். அவர் வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் பேசத் தயாராக உள்ளே போனார். அவள் கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். தொப்பி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"டாக்டர், பிப்ரவரியில எனக்கு எந்தெந்தத் தேதி ஊசி?"

"பிப்ரவரியா?" அவர் பேப்பரைப் புரட்டினார். அவரிடம் இருந்த பேப்பரில் அவ்வளவு தூரம் போகும் பக்கமே இல்லை. "அது இன்னும்... முதல்ல இந்த வாரத்து ரிசல்ட் வரட்டும்மா."

"பள்ளிக்கூடம் பிப்ரவரி மூணாம் தேதி திறக்குது. அன்னிக்கு எனக்கு ஒரு மேலங்கி போட்டு விடுற வேலை இருக்கு, வெளியூர் போகணும். போக வர ரெண்டு நாள். மறியல் இருந்தா மூணு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவு அதில் அழுக்கு இல்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே 'பிப்ரவரி' என்று எழுதி, கோடு போட்டார்.

"அப்போ ஆறாம் தேதி வச்சுக்கலாமா?"

"ஏழு," என்றாள் யோசெலின். "ஆறாம் தேதி களைப்பா இருக்கும்."

"ஆறு."

"ஏழு, டாக்டர்."

அவர் ஏழு என்று எழுதினார்.